எலும்பு வெட்டும் சத்தம்

வெட்டுக்கட்டையைச் சுரண்டுவது கறிக்கடை அக்காவின் வேலை. அதை அவள் வேறு யாரிடமும் விட்டதில்லை. மதியம் கடைசி ஆள் பையைத் தூக்கிக்கொண்டு போனதும் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, கொதிக்கும் தண்ணீரைக் கட்டையின் மேல் சாய்ப்பாள். கொழுப்பு இளகி வெள்ளை வெள்ளையாக மிதந்து வரும். தேய்ந்துபோன பழைய கத்தியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, வெட்டு விழுந்த ஒவ்வொரு கோட்டிலிருந்தும் எலும்புத் தூளையும் நாரையும், பல்லிடுக்கில் சிக்கியதை எடுப்பதுபோலப் பொறுமையாக எடுப்பாள். பிறகு கல்லுப்பைப் போட்டுத் தேய்ப்பாள். கட்டை நடுவில் குழிந்து ஒரு பெரிய தட்டுபோல ஆகியிருந்தது. பாதிக் குழி புருஷன் வெட்டியது, மீதி அவள் வெட்டியது.

சுவரில் கத்திகள் வரிசையாகத் தொங்கின, பெரியதிலிருந்து சின்னது வரை. திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினால் வேண்டிய கத்தி கைக்கு வரும். ஒன்று இடம் மாறியிருந்தாலும் அன்று முழுக்கச் சிடுசிடுப்பாள்.

புருஷன் இருந்தவரை அவள் கடைக்குள் வந்தது கழுவிவிடத்தான். அவனுக்குக் கோபம் வந்தால் கையில் எது இருக்கிறதோ அதாலேயே அடிப்பான். அவன் கையில் எப்போதும் இருந்தது பெரிய கத்தி. பட்டையைத் திருப்பி அடிப்பான். அவளுடைய இடது தோள் இன்றும் வலது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கித்தான் இருக்கிறது. "கூர்ப்பக்கத்தால ஒருநாளும் அடிச்சதில்ல. அந்த அளவுக்குத் தங்கமான மனுஷன்" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பாள். கேட்டவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்பார்கள்.

ஒரு காலையில், பாதி உரித்த ஆட்டின் பக்கத்திலேயே அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் ஷட்டரைத் தூக்கினாள். முதல் ஆடு உதைத்த உதையில் கத்தி வழுக்கி அவள் தொடையிலேயே இறங்கியது. ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த ஆட்டை முடித்துவிட்டுத்தான் தையல் போடப் போனாள். அதன் பிறகு கற்றுக்கொண்டாள். ஆட்டைச் சாய்க்கப் பலம் பெரிதில்லை. அதன் மேல் கவிழ்ந்து, அடியில் கையை விட்டு, அந்தப் பக்கத்துக் காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். தன் எடையாலேயே அது விழும். விழுந்த மறுநொடி முழங்கால் கழுத்தில் இருக்க வேண்டும். கண்ணைச் சாக்கால் மூடிவிட்டால் அடங்கிவிடும். ஆளுயரத்துக்கு எம்பும் கிடாயைக்கூட அவள் ஒற்றையாளாகச் சாய்ப்பாள்.

கடைக்குப் பின்னால் அவள் படுக்கும் அறை. அதற்கும் பின்னால் சின்னக் கொல்லை, அதில் ஒரு அத்திமரம். கொல்லையிலிருந்து வெளிப்படிக்கட்டு ஏறினால் மாடியில் ஒரே அறை. அங்கே மகனும் மருமகளும். மகன் தண்ணீர் லாரி ஓட்டினான். தெருவில் அவனுக்குத் 'தண்ணி' என்றே பெயர்; லாரியை வைத்துச் சொல்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். மருமகள் கம்பி வைக்காத ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் தலையணை உறை தைத்தாள். மெஷின் ஓடும் சத்தம் கடைக்குக் கேட்கும். ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றுமில்லை. பாதியில் நின்றால், அக்காவின் கையும் ஒரு கணம் நிற்கும்.

தெருவுக்குத் தெரிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. மாடியில் சத்தம் கிளம்பினால் அக்கா எலும்பு வெட்டுவாள். வாங்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, ஓரமாக எடுத்து வைத்திருக்கும் தொடையெலும்புகளைக் கட்டையில் போட்டுப் பெரிய கத்தியால் போடுவாள். கத்தி இறங்கும் சத்தத்தில் மேலே விழுவது எது, கீழே விழுவது எது என்று யாருக்கும் பிரித்துத் தெரியாது. அந்தச் சமயத்தில் கடையில் நிற்பவருக்குப் பை நிறைய எலும்பு கிடைக்கும்.

"இவ்ளோ எதுக்குக்கா எனக்கு?"

"சும்மா கொண்டுபோ. சூப்பு வை. பிள்ளைங்க குடிக்கட்டும்."

எந்த வாரம் எத்தனை வீட்டில் சூப்பு கொதிக்கிறது என்பதை வைத்தே அந்த வாரம் மாடியில் எப்படிப் போனது என்று தெரு சொல்லிவிடும்.

அன்று காலையிலும் அவள் வெட்டியிருந்தாள். இப்போது கல்லுப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மருமகள் பின்வாசலில் வந்து நின்றாள்.

"அத்தை, ஏணி எங்க?"

"எதுக்கு, பல்பு போயிடுச்சா?"

"பூனை மரத்துல நிக்குது. காலையிலேர்ந்து."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மருமகளின் வலது மணிக்கட்டில் தலையணை உறைத்துணி சுற்றியிருந்தது. துணி நனைந்து சதையோடு ஒட்டிப்போயிருந்தது. மேல் உதடு ஒரு பக்கமாக வீங்கியிருந்தது.

"கைல என்ன?"

"இஸ்திரிப் பெட்டி."

பூனை அவனுடைய சட்டையின் மேல் படுத்திருந்தது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை வயரோடு பிடுங்கி வீசினான். மருமகள் குறுக்கே கையை நீட்டினாள். பூனை ஜன்னல் வழியாகக் கிளைக்குத் தாவிவிட்டது. அவளுக்குத் தாவ இடமில்லை. இவ்வளவையும் அவள் நான்கு வார்த்தைகளில் சொன்னாள்.

"தாவத் தெரிஞ்சதுக்கு இறங்கத் தெரியாதா?" என்றாள் அக்கா.

"தெரியாது அத்தை. அதோட நகம் ஏறத்தான் பிடிக்கும். இறங்கும்போது வழுக்கும்."

அப்போதுதான் அக்கா படிக்கட்டின் அடியைப் பார்த்தாள். ஒரு துணிப்பை இருந்தது. பக்கத்தில் போர்வையில் கட்டிய ஒரு மூட்டை. மெஷினின் தலை. பலகையிலிருந்து திருகிக் கழற்றியிருக்கிறாள், அந்தக் கையை வைத்துக்கொண்டு.

"எங்க கிளம்பிட்ட?"

"எங்கண்ணன் வேன் எடுத்துட்டு வர்றாரு. முனையில நின்னு ரெண்டு தடவை ஹாரன் அடிப்பாரு. உள்ள வர வேணாம்னு சொல்லிட்டேன்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"தூங்கறாரு."

"தூங்கி எழுந்தா தெளிஞ்சிடுவான். ஈரல் எடுத்து வெச்சிருக்கேன். வறுத்துக் குடு, ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

"போன தடவையும் ஈரல்தான் குடுத்தீங்க."

அக்கா உப்பைக் கையிலிருந்து தட்டினாள். "போறவ போக வேண்டியதுதானே. ஒரு திருட்டுப் பூனைக்காக எதுக்கு நின்னுக்கிட்டிருக்க?"

திருடி என்றுதான் அக்கா அதைக் கூப்பிடுவாள். ஒருமுறை ஒரு முழு நுரையீரலை இழுத்துக்கொண்டு ஓடியதால் வந்த பெயர். மருமகள் பாப்பா என்பாள்.

"விட்டுட்டுப் போனா அதுக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

தெரியும். போன மழைக்காலத்தில் திருடி மூன்று குட்டிகள் போட்டிருந்தது. அவை கத்தியதில் தூக்கம் கெட்டுப்போய், அவன் மூன்றையும் பக்கெட்டில் போட்டு, லாரிக் குழாயைத் திருப்பி நிரப்பி, மூடியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்தான். டீ ஆறிப்போனதும் எழுந்தான். தாய்ப்பூனை பக்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து மூடியைப் பிறாண்டிய கீறல் இன்னும் இருக்கிறது. மருமகள்தான் அதைக் கழுவினாள். நல்ல பக்கெட் என்பதால் இன்றும் குளிப்பதற்கு அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அக்கா வேறொன்றையும் நினைத்துக்கொண்டு நின்றாள். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் அவனும் தானும்தான். மருமகள் வந்த நாளிலிருந்து அவன் கை படியிறங்கி வந்ததில்லை. அதற்கு முன்னால் வந்திருக்கிறது. அப்போது தன் கன்னம் வீங்கினால், ஆடு முட்டியது என்பாள்.

"சரி, வா" என்றாள் கடைசியில். "சத்தம் போடாம வா."

திருடி கிளையிலிருந்து சறுக்கி வந்து, மரத்தின் பாதி உயரத்தில், கிளை பிரியும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகில் பெட்டி உரசிய இடத்தில் ஒரு கை அகலத்துக்கு ரோமம் கருகியிருந்தது. மருமகள் கூப்பிட்டபோது ஒரு காலைக் கீழே வைத்தது, வழுக்கியது, மறுபடி ஒட்டிக்கொண்டது.

ஏணி தேடப் போவதற்கு முன் அக்கா தனக்குத் தெரிந்த வழியில் ஒரு வேலை செய்தாள். கழிவுச் சட்டியிலிருந்து நுரையீரல் துண்டுகளை அள்ளி, மரத்தடியில் கொட்டினாள். பசியில் எது வராது என்று அவளுக்கு நம்பிக்கை. இருபது வருஷமாக எந்த வாயையும் அவள் கறியால்தான் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

வாசனைக்கு வந்தது பூனை இல்லை. கடைவாசலில் காத்துக் கிடக்கும் நாய்கள் சந்து வழியாகக் கொல்லைக்குள் பாய்ந்தன. முதலில் வந்த செவலை வாய் வைத்ததும் கருப்பு அதன் காதைக் கவ்வியது. இன்னொன்று அடியில் புகுந்து தொடையைப் பிடித்தது. உறுமலும் ஊளையுமாக மூன்றும் ஒரே உருண்டையாக மரத்தில் மோதின. காது பாதி கிழிந்து தொங்க, செவலை விடுவதாக இல்லை. அக்கா உள்ளே ஓடி, மிச்சமிருந்த கொதிநீரையும் பெரிய கத்தியையும் எடுத்துவந்து, நீரை அப்படியே வீசினாள். கருப்பின் முதுகில் ஆவி பறந்தது. பெரிய கத்தியின் பட்டையால் இன்னொன்றின் மூஞ்சியில் ஒன்று வைத்தாள். அவை ரத்தத்தைச் சிந்திக்கொண்டே சந்துக்கு ஓடி, அங்கேயே வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

அக்கா கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். பட்டையைத்தான் திருப்பியிருந்தாள். அது அவளுக்கு நினைவில்லாமலேயே நடந்திருந்தது.

பூனை இப்போது மாடி ஜன்னல் உயரத்தில் இருந்தது.

"கறி கிடக்கிற வரைக்கும் நாய் போகாது அத்தை" என்றாள் மருமகள். இடது கையால் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டியில் போட ஆரம்பித்தாள்.

சுவருக்கு மேல் பக்கத்துவீட்டுக் குழாய்க்காரரின் தலை தெரிந்தது. "என்னக்கா, நாய்க்கெல்லாம் விருந்தா? எங்களைக் கூப்பிடவே இல்ல."

"உங்க ஏணியைக் குடுங்க. பூனை மாட்டிக்கிச்சு."

"அவன் இருக்கானா?"

"தூங்கறான்."

"அப்ப மெதுவாப் பேசு." குழாய்க்காரர் குரலை இறக்கினார். போன வருஷம் ஒருநாள் 'போதும்பா, விடு' என்று சொல்லப் படியேறிப் போனவர், முன்பற்கள் இரண்டு இல்லாமல் இறங்கி வந்தார். "ஏணி தரேன். ஏறச் சொல்லாத. இருக்கிற பல்லை வெச்சுத்தான் இனிமே காலம் தள்ளணும்."

ஏணி சுவரைத் தாண்டி வந்தது. மருமகள் அதில் காலை வைத்தாள். வலது கையால் பிடிக்க முடியவில்லை. மறுபடி முயன்றாள். துணியில் புதிதாக ஈரம் ஊறியது.

"தள்ளு. நான் ஏறறேன்" என்றாள் அக்கா. ஆனால் ஏறவில்லை. "இங்க பாரு. இதை இறக்கிக் குடுத்தா, நீ போயிடுவ."

"ஆமா."

"நான் என்ன கொறை வெச்சேன் உனக்கு? ஒரு வார்த்தை அதட்டிப் பேசினதுண்டா?"

மருமகள் சட்டியைக் கீழே வைத்தாள். "நீங்க எலும்பு வெட்டறது மேல எனக்குக் கேக்கும் அத்தை."

அக்கா ஏணியின் காலை மண்ணில் அழுத்தி நிறுத்தினாள்.

"வந்த புதுசுல, அடுத்த வெட்டுக்குக் கத்தியைப் போட்டுட்டுப் படியேறி வருவீங்கன்னு நெனைப்பேன். அப்புறம்தான் புரிஞ்சுது. நீங்க வெட்டற வரைக்கும் அவரும் நிறுத்த மாட்டாரு. நீங்க நிறுத்தினா, வெளிய கேக்குமேன்னு அவரும் நிறுத்திடுவாரு. பேச்சுக்குச் சொல்லல. பார்த்திருக்கேன். நான் மேல படுத்துக்கிட்டு, கீழ எலும்பு சீக்கிரம் தீரணும்னு வேண்டிப்பேன்."

சுவருக்கு மேலிருந்த தலை மெதுவாகக் கீழே போயிற்று.

அக்கா ஒரு கோணிச்சாக்கை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஏணி முடிந்த இடத்திலிருந்து கிளைக்குக் காலை மாற்றினாள். அத்திமரத்துப் பட்டை வழவழப்பு. பிடித்த இடத்திலெல்லாம் பால் கசிந்து விரல் ஒட்டியது. எறும்பு கழுத்துக்குள் இறங்கிக் கடித்தது. இடது தோள் வலியில் இழுத்தது. எட்டி ஒரு கிளையைப் பிடித்துத் தலையைத் தூக்கியபோது மாடி ஜன்னல் நேராக இருந்தது.

மகன் மல்லாந்து கிடந்தான், வாய் திறந்தபடி. தொட்டிலில் கிடந்த காலத்திலும் அப்படித்தான் தூங்குவான். தரையில் இஸ்திரிப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் ஒரு துண்டுத் தோல் ஒட்டிக் காய்ந்திருந்தது. தைத்து அடுக்கிய உறைகளின் மேல் ரத்தம் தெறித்திருந்தது. தலை இல்லாத மெஷின் பலகை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஆணி. அதில் பெல்ட், கொக்கி கீழே வரும்படி. திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினால் கைக்கு வரும் இடத்தில்.

இந்த அறைக்கு அவள் எத்தனையோ முறை வந்திருக்கிறாள். வருவதற்குள் மருமகள் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருப்பாள்.

பூனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அக்கா அதன் பிடரியைப் பிடித்தாள். அது திரும்பி அவளுடைய கட்டைவிரல் சதையில் பல்லை இறக்கியது. பின்னங்கால் நகங்கள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாகக் கிழித்தன. அவள் விடவில்லை. மறு கையால் சாக்கை உதறி, ஆட்டுக்குச் செய்வதுபோல முதலில் கண்ணை மூடினாள்.

அதுதான் தப்பாகப் போயிற்று. ஆடு அடங்கும். கண் மறைந்ததும் பூனைக்கு வெறி பிடித்துவிட்டது. குழந்தையை உயிரோடு அறுப்பதுபோல ஒரு குரலெடுத்து அலறியது. அவள் அதைத் தலைகீழாகச் சாக்குக்குள் அமுக்கி, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தபோது, ஜன்னலில் மகன் நின்றுகொண்டிருந்தான்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் நீளம்தான்.

"மரத்துல என்னம்மா பண்ற?"

"பூனை" என்றாள்.

"கீழ போடு அதை."

"நீ படுத்துத் தூங்கு."

அவன் கண் அவளைத் தாண்டிக் கீழே போயிற்று. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, அவள் காலருகே பை, போர்வை மூட்டை. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஹாரன் இரண்டு தடவை அடித்தது.

ஆணியிலிருந்து பெல்ட் கைக்கு வந்ததை அக்கா பார்த்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படிக்கட்டு அதிர இறங்கி வந்தவன் முதலில் ஏணியைத்தான் உதைத்தான். அது சுவரில் மோதி விழுந்தது. மருமகளின் சுட்ட கையைத் தேடி, அந்தத் துணி சுற்றிய இடத்தைப் பிடித்தான். அவள் மடிந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளை அப்படியே படிப்படியாக இழுத்துக்கொண்டு போனான். அவள் முழங்கால் ஒவ்வொரு படியிலும் இடித்தது.

அக்கா மரத்தில் இருந்தாள். கீழே கால் வைக்க ஒன்றுமில்லை. இடுப்பில் சாக்கு துடித்தது.

மாடியில் கதவு அடைபட்டது. "அண்ணன் வந்திருக்கானா? எங்க, கூப்பிடு அவனை. கூப்பிடுடி." கொக்கி முதலில் கட்டில் காலில் பட்டு மணியடித்தாற்போல் ஒலித்தது. அடுத்தது முதுகில். அக்கா இதுவரை கேட்டதெல்லாம் பாதிச் சத்தம் என்று இப்போதுதான் தெரிந்தது. நடுவில் ஒரு மூச்சு இருக்கிறது. அடி விழுவதற்கு முன்னால் அவன் மூச்சை இழுக்கிறான், மூட்டை தூக்குகிறவனைப்போல. விழுந்த பிறகு அவள் மூச்சு போகிறது. அவள் கத்துவதே இல்லை.

கீழே கட்டை காலியாக இருந்தது. எலும்பு வெட்ட ஆளில்லை. ஷட்டருக்கு வெளியே தெருவில் பேச்சு நின்றுபோயிற்று. எதிர்வீட்டில் ரேடியோவை யாரோ அணைத்தார்கள். அடி விழுவது தெரு முழுக்கக் கேட்டது. ஒருவராலும் கேட்காததுபோல இருக்க முடியவில்லை.

அக்கா சாக்கின் முடிச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஜன்னலை நோக்கிக் கிளையில் தவழ்ந்தாள். காலையில் பூனை வந்த வழிதான். பூனையின் எடைக்கு வளையாத கிளை அவளுக்கு முனகியது. பாதி தூரத்தில் அடியில் பிளந்தது. அவள் முன்பக்கமாகப் பாய்ந்தாள். ஜன்னல் விளிம்பு வயிற்றில் குத்த, தலை இல்லாத மெஷின் பலகை மேல் விழுந்து, அதையும் சாய்த்துக்கொண்டு தரைக்கு வந்தாள். சாக்கு உருண்டுபோய் மூலையில் நின்றது.

மகன் பெல்ட்டை ஓங்கியபடியே திரும்பிப் பார்த்தான். மருமகள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சுருண்டிருந்தாள்.

"நீ கீழ போம்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வழக்கமான வேலையை நினைவூட்டுவதுபோலச் சொன்னான். "போய் எலும்பு வெட்டு."

அவள் எழுந்தாள். அவன் பாதி சிரித்தான். பிறகு அவள் போகவில்லை என்பது உறைத்ததும் பெல்ட்டைச் சுழற்றினான். கொக்கி புருவத்தைப் பிளந்தது. ஒரு கண் முழுக்க ரத்தம் இறங்கி மறைத்தது. மறு கண் போதுமாக இருந்தது. அவள் குனிந்து, ஓங்கிய கைக்கு அடியில் புகுந்து, தோளை அவன் வயிற்றில் கொடுத்து, அந்தப் பக்கத்துக் காலை முழங்காலுக்குப் பின்னால் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அவ்வளவுதான். அவ்வளவு பெரிய உடம்பு தன் எடையாலேயே விழுந்தது. மண்டை பலகையின் இரும்புக்காலில் மோதிய சத்தம் தேங்காய் உடைப்பதுபோல இருந்தது. அவன் எழப் பார்த்தபோது அவள் முழங்கால் கழுத்தில் இருந்தது.

அவன் கையால் அவள் தொடையைப் பிறாண்டினான், குத்தினான். பழைய தழும்பின் மேலேயே குத்தினான். அவள் எடையை முன்னால் மாற்றினாள். "அம்மா" என்று ஏதோ வந்தது, பாதியில் நின்றது. கையில் அகப்பட்ட தலையணை உறையை எடுத்து அவன் கண்ணை மூடினாள். அவன் அடங்கினான்.

அப்போது அவளுடைய வலது கை, யாரும் சொல்லாமல், தானாகச் சுவர்ப் பக்கம் நீண்டது. திரும்பிப் பார்க்காமல். விரல் விரிந்து, எதையோ பிடிக்கும் வாகில் மூடியது. அங்கே ஆணி மட்டும்தான் இருந்தது.

அக்கா அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டிலுக்கு அந்தப் பக்கமிருந்து மருமகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு" என்றாள் அக்கா. "போ."

மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உறையின் அடியில் அவன் முனகினான். அக்கா முழங்காலைக் கொஞ்சம் அழுத்தினாள், முனகல் நின்றது. மூச்சு மட்டும் விசிலடித்தபடி போய்வந்தது. தெருமுனையில் ஹாரன் மறுபடியும் இரண்டு தடவை அடித்தது, பயந்த ஆள் அடிப்பதுபோலக் குட்டையாக. கீழே கொல்லையில் காலடி கேட்டது. குழாய்க்காரரின் குரல் படிக்கட்டின் அடியிலிருந்து வந்தது. "மெஷின் மூட்டையை நான் வேனுக்கு எடுத்துட்டுப் போறேன்மா. நீ வா. நான் இங்கதான் நிக்கறேன்."

மருமகள் மூலைக்குப் போய்ச் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிச்சைத் தளர்த்தி, உள்ளே இரண்டு விரலை விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். உள்ளே மூச்சு இருந்தது என்பது அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்தது. முடிச்சை மறுபடி, காற்றுப் போகும்படி, லேசாகப் போட்டாள்.

"அந்தக் கையை ஆஸ்பத்திரியில காட்டு மொதல்ல" என்றாள் அக்கா. புருவத்து ரத்தம் தாடையிலிருந்து சொட்டி மகனின் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. "அண்ணன் வீட்டுல பூனையை வெச்சுக்க விடுவாங்களா?"

மருமகள் சாக்கை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, கட்டிலடியிலிருந்து செருப்பைக் காலால் இழுத்தாள்.

"அவனை நான் பார்த்துக்கறேன். நீ பயப்படாத" என்றாள் அக்கா. யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெளிவில்லை. முழங்காலுக்கு அடியில் நாடி துடிப்பது தெரிந்தது. இதை எப்போது எடுப்பது, எடுத்த பிறகு என்ன ஆகும் என்று அவள் இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

மருமகள் அவனுடைய நீட்டிய கால்களைத் தாண்டி வந்தாள். தாண்டும்போது அவன் கால் இழுத்துக்கொண்டது. அவள் நிற்கவில்லை. கதவின் தாழை முழங்கையால் தள்ளினாள்.

"நான் ஒருநாள் வந்து பார்க்கலாமா உன்னை?" என்றாள் அக்கா.

சாக்குக்குள் பூனை ஒரு முறை புரண்டது. மருமகள் அதை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, வெளியே போனாள்.